வட சென்னையில் கவுன்சிலர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுவது எப்படி?

தெருவிளக்கு எரியவில்லை, மழைநீர் கால்வாய் அடைத்துக்கொண்டது, குப்பை வண்டி வரவில்லை என்றால் நாம் முதலில் தேடுவது கவுன்சிலரைத்தான். ஆனால் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பதிவான ஓட்டு சுமார் 43 சதவீதம்தான். போகவே போகாதவர்களை விடுங்கள். பூத் வரை போயும் பெயர் இல்லை என்று திரும்பி வருகிறவர்களுக்கும், இப்போதுதான் 18 ஆகிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அதற்கென்று நீங்கள் தனியாக விண்ணப்பம் போட வேண்டியதில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பெயர் இருந்தால் இதிலும் இருக்கும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் பயனில்லாமல் போகலாம், வேலையை இப்போதே தொடங்குங்கள்.

1. பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

கையில் வாக்காளர் கார்டு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கார்டு வெறும் அடையாளம். பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. 2025 நவம்பரில் தொடங்கிய, பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, சென்னையில் லட்சக்கணக்கானவர்களின் பெயர் வரைவுப் பட்டியலில் வரவில்லை. அதனால் பத்து வருடமாக ஓட்டுப் போட்டு வருகிறவர்களும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ, செயலியிலோ கார்டு எண்ணைப் போட்டால் பாகம் எண் (பட்டியலில் உங்கள் பகுதியின் எண்), வரிசை எண் எல்லாம் வந்துவிடும். போனில் கேட்க 1950.

2. பெயர் இல்லையென்றால் படிவம் 6

ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. அந்தந்த நாளில் 18 முடிந்திருந்தால் பெயர் சேர்க்கலாம். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம்.

ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ, வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று போதும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் போன்றவை. முகவரிக்கு ஆதார், பேங்க் பாஸ்புக், கரண்ட் பில், கேஸ் பில் மாதிரி ஏதாவது. கல்லூரிப் பிள்ளையின் பெயரில் கரண்ட் பில் எங்கே இருக்கப்போகிறது? அதே முகவரியில் ஓட்டு உள்ள அப்பா அம்மா பெயரில் இருந்தாலும் ஏற்பார்கள். பெயரைச் சேர்க்கவும் கார்டுக்கும் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் சென்டரில் ஐம்பது, நூறு கேட்டால் அது அவர்களுடைய டைப்பிங் கூலி.

3. வீடு மாறியிருந்தால் படிவம் 8

வட சென்னையில் பாதிக் குழப்பம் இங்கேதான் வரும். வியாசர்பாடியில் இருந்து கொடுங்கையூருக்கும், தண்டையார்பேட்டையில் இருந்து திருவொற்றியூருக்கும் வாடகைக்கு மாறிக்கொண்டே இருப்போம், ஓட்டு மட்டும் பழைய வீட்டிலேயே கிடக்கும். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது நாம் பி.எல்.ஓ. என்று சொல்கிறவர், வந்து விசாரிக்கும்போது அங்கே ஆள் இல்லையென்றால் பெயர் எடுபடலாம். மாறினால் புதிதாகப் படிவம் 6 போடக் கூடாது, படிவம் 8தான். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தப்பு. கார்டில் பெயர், பிறந்த தேதி தப்பாக இருந்தாலும், கார்டு தொலைந்தாலும் இதே படிவம்தான்.

அப்புறம் கதவு எண். நம் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் புது நம்பர், பழைய நம்பர் என்று இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் எழுதினால் விசாரணைக்கு வருகிறவர் வேறு வீட்டு வாசலில் நிற்பார். இரண்டையும் எழுதுங்கள். ஹவுசிங் போர்டு குடியிருப்பு என்றால் பிளாக், மாடி, கதவு எண் மூன்றும் வேண்டும். பக்கத்தில் ஒரு கோயிலோ பள்ளியோ இருந்தால் அதையும் சேர்த்து எழுதினால் குடிமுழுகிப் போகாது.

விண்ணப்பித்ததும் ஒரு எண் தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து பார்ப்பார். பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியராகவோ, ஆசிரியராகவோ, மாநகராட்சி ஊழியராகவோ இருப்பார். காசிமேட்டில் கடலுக்குப் போகிற வீடுகளில் பகலில் ஆள் இருக்காது. பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.

4. உங்கள் வட்டம் எது?

சட்டமன்றத் தொகுதி வேறு, வார்டு வேறு. கட்சிப் போஸ்டரில் வட்டம் என்று போடுவது இந்த வார்டைத்தான். 2022 தேர்தலின்போது இருந்த பிரிவுப்படி சென்னையில் 200 வார்டுகள்; 1 முதல் 14 வரை திருவொற்றியூர், 15 முதல் 21 மணலி, 22 முதல் 33 மாதவரம், 34 முதல் 48 தண்டையார்பேட்டை, 49 முதல் 63 ராயபுரம், 64 முதல் 78 திரு.வி.க. நகர் மண்டலம். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் வேறு வார்டு என்றும் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் போகிற பூத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள்.

மேயருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-ல் மேயரான ஆர். பிரியா, நம் பக்கத்து 74-வது வார்டில் ஜெயித்தவர்தான். கிராமத்துச் சொந்தக்காரர்கள் நான்கு சீட்டு வாங்கிப் போட்டதாகச் சொல்வார்கள். மாநகராட்சியில் ஒரே ஓட்டு.

5. ஓட்டுப் போடும் நாள்

பூத் சிலிப்பில் பாகம் எண், வரிசை எண் இருக்கும். அது மட்டும் போதாது. வாக்காளர் அட்டையோ, ஆதார், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட் மாதிரி ஒன்றோ கையில் வேண்டும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வெயில் ஏறுமுன் போனால் வரிசை குறைவு.

உள்ளே ஒருவர் பெயரைச் சத்தமாகப் படிப்பார். கட்சி ஏஜென்ட்டுகள் சரிபார்ப்பதற்காக. அடுத்தவர் கையெழுத்து வாங்கி இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மறைவுக்குள் போய், வேட்பாளர் பெயருக்கு நேரே உள்ள நீலப் பட்டனை அழுத்துங்கள். சிவப்பு விளக்கு எரிந்து, 'பீப்' சத்தம் கேட்டால் ஓட்டு விழுந்துவிட்டது. சத்தம் வராவிட்டால் வெளியே வராதீர்கள், அங்கேயே அலுவலரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டாம். நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலரிடம் நிரூபித்து, டெண்டர் ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் வாக்குச்சீட்டுத் தாளில் குறித்துக் கொடுத்ததை, தனி உறையில் வைத்து மூடுவார்கள்.