பிரபலங்களை அழைத்து நிதி திரட்டப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிதி திரட்டும் நிகழ்ச்சி என்று பேச்செடுத்ததுமே, "ஒரு நடிகரைக் கூப்பிட்டால் கூட்டம் வரும், பணமும் வரும்" என்று குழுவில் யாராவது சொல்லிவிடுவார்கள். இதில் பாதிதான் உண்மை. கூட்டம் வரும். பணம் வருமா என்பது தொண்டு நிறுவனம் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பொறுத்தது. நடிகரோ பாடகரோ விளையாட்டு வீரரோ, அவர்களால் தர முடிவது சில மணி நேரக் கவனம். அதை நன்கொடையாக மாற்றுகிற வேலை முழுக்க நிறுவனத்தின் பொறுப்பு.

முதல் தவறு ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. யாரைப் பின்தொடர்பவர்கள் அதிகம் என்று பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். அதைவிட, உங்கள் பணி அவருடைய வாழ்க்கையை எங்காவது தொட்டிருக்கிறதா என்று தேடுங்கள். தன் வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானதைப் பேட்டியில் சொல்லியிருக்கும் ஒரு தொலைக்காட்சி நடிகை, டயாலிசிஸ் மையத்துக்காகப் பேசும்போது அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. உச்ச நட்சத்திரம் ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தால் கேட்பவர்களுக்கு அது புரிந்துவிடும். நடுத்தரப் புகழ் உள்ளவர்களிடமிருந்து பதில் வரும் வாய்ப்பும் அதிகம்.

அடுத்தது கேட்கும் விதம். "தங்கள் மேலான ஆதரவை நல்க வேண்டுகிறோம்" என்று முடியும் கடிதம் பிரபலத்தின் மேலாளருடைய மேசையைத் தாண்டாது. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது நான்கு விஷயங்கள்: என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதியில், எவ்வளவு நேரம், செலவு யாருடையது. இவற்றை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எடுத்த எடுப்பில் மேடைக்கு அழைக்காமல், அரை நிமிட வீடியோவையோ ஏலத்துக்கு வைக்கக் கையெழுத்திட்ட ஒரு பொருளையோ கேட்கலாம். சிறிய கோரிக்கைக்குச் சம்மதிப்பது எளிது. 2014இல் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக உலகெங்கும் பரவிய ஐஸ் பக்கெட் சவாலை நினைத்துப் பாருங்கள். தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அடுத்து யார் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி அழைத்து, நன்கொடை கொடுப்பது. எந்தப் பிரபலமும் தன் வீட்டுத் தோட்டத்திலேயே சில நிமிடங்களில் முடித்துவிடலாம். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதைப் பரப்புவதில் நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும் முன்னால் நின்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

"பார்க்கலாம், சொல்கிறேன்" என்ற பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போஸ்டர் அடிப்பது மிகவும் ஆபத்தானது. அவர் வராவிட்டால் டிக்கெட் வாங்கியவர்களின் நம்பிக்கை போய்விடும். அதைத் திரும்பப் பெறப் பல ஆண்டுகள் ஆகும். பெயரையும் படத்தையும் எங்கே, எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "இலவசமாக வருகிறார்" என்பதையும் அப்படியே நம்பி விடாதீர்கள். பயணம், தங்குமிடம், உடன் வருபவர்கள், பாதுகாப்பு, ஒலி அமைப்பு என்று கணக்குப் போட்டால், சிறிய நிகழ்ச்சிகளில் வசூலையே செலவு தின்றுவிடுவதுண்டு. அந்தக் கணக்கை அழைப்பதற்கு முன்பே போட வேண்டும்.

பணம் போகும் வழியைத் தயார் செய்யாமல் விடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். 1971 ஆகஸ்ட் 1 அன்று பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் முன்னின்று, கிழக்கு பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) அகதிகளுக்காக நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு இசை நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். டிக்கெட் வசூலான சுமார் 2.43 லட்சம் டாலர் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்த பெரும் தொகை வரிச் சிக்கலில் மாட்டிப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. வரிவிலக்குக்கான ஏற்பாட்டை நிகழ்ச்சிக்கு முன்பே முறையாகச் செய்து வைக்காததுதான் காரணம். பசித்திருந்த மக்களுக்கான பணம் அது. உலகப் புகழ் இருந்தும் அவர்களுக்கே இந்த நிலை என்றால், சிறிய அமைப்புகள் வரிப் பதிவு, வங்கிக் கணக்கு, ரசீது, நன்கொடை இணைப்பு எல்லாவற்றையும் அறிவிப்புக்கு முன்பே சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.

நீங்கள் அழைக்கும் பிரபலத்தின் மற்ற விளம்பர ஒப்பந்தங்களையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபாம் என்ற உலகளாவிய தொண்டு அமைப்பின் தூதராக இருந்த ஹாலிவுட் நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன், சோடாஸ்ட்ரீம் என்ற இஸ்ரேலிய சோடா இயந்திர நிறுவனத்தின் விளம்பரம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் 2014 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரே ஒருவரின் பெயர்மீது நிறுவனத்தையே கட்டுவதும் வேண்டாம். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வீழ்ந்தபோது, அவர் தொடங்கிய புற்றுநோய் அறக்கட்டளை அவர் பெயரையே விட்டுவிட்டு லிவ்ஸ்ட்ராங் என்று மட்டும் அழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நிகழ்ச்சி நாளில் ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. உதவி பெறும் குழந்தைகளையும் நோயாளிகளையும் பிரபலத்தோடு படம் எடுக்க வரிசையில் நிறுத்தாதீர்கள். அவர்களோ பெற்றோரோ மனமார ஒப்புக்கொண்டால் தவிர, அவர்களுடைய முகம் போஸ்டரில் வரக் கூடாது. நன்கொடை கேட்பதையும் நன்றியுரைக்குத் தள்ளிவைக்காமல், பிரபலம் மேடையில் இருக்கும்போதே அவர் வாயாலேயே கேட்க வையுங்கள். அவர் கிளம்பினால் பாதிக் கூட்டம் கூடவே போய்விடும்.

முடிந்த பிறகு பல அமைப்புகள் ஒரு சால்வையோடும் புகைப்படத்தோடும் நிறுத்திக்கொள்கின்றன. அடுத்த கடிதம் அடுத்த நிகழ்ச்சிக்குத்தான் போகிறது. ஒரு வாரத்துக்குள் எவ்வளவு சேர்ந்தது, செலவு போக மிஞ்சியது எவ்வளவு என்று பிரபலத்துக்கும் அவருடைய மேலாளருக்கும் எழுதுங்கள். சில மாதங்கள் கழித்து அந்தப் பணத்தில் என்ன வாங்கினீர்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது என்று இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் புதிதாக எதையும் கேட்க வேண்டாம்.