பிரிட்டனில் ஓர் அமெச்சூர் அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்பின் வரலாற்றை எழுதுவது எப்படி

உங்கள் ஊர் கிளப் 1980களில் தொடங்கியது என்றால் முதலில் நூலகத்துக்குப் போகாதீர்கள், ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். அன்று இருபது வயதில் ஹெல்மெட் மாட்டியவர்களுக்கு இப்போது வயது அறுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அவர்களுக்குக் கோச்சாக இருந்தவர்களுக்கு இன்னும் வயது அதிகம். பிரிட்டனின் பெரிய பத்திரிகைகள் உள்ளூர் கிளப்புகளின் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. அதனால் பாதிக் கதை பழைய ஆட்களின் ஞாபகத்திலும், மீதி அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளிலும்தான் இருக்கிறது.

ஆனால் அவர்களைப் பார்க்கப் போகும்போது காலவரிசை உங்கள் கையில் இருக்க வேண்டும். சேனல் 4 தொடங்கியது 1982 நவம்பரில். அப்போதிருந்தே ஞாயிறு மாலைகளில் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களின் தொகுப்பைக் காட்டினார்கள், அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்கப் பையன்கள் பூங்காக்களில் கூடிப் பந்து எறிய ஆரம்பித்தார்கள். 1983 ஜூலையில் லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில், இரண்டு பிரிட்டிஷ் கிளப்புகள் மோதிய ஆட்டத்தில், லண்டன் ரேவன்ஸ் அணி நார்த்விச் ஸ்பார்ட்டன்ஸை 48-0 என்று வீழ்த்தியது. அடுத்த மாதம் வெம்ப்ளி மைதானத்தில் என்.எஃப்.எல். அணிகளான மின்னசோட்டா வைக்கிங்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் மோதின. 1986 ஆகஸ்டில் சிகாகோ பேர்ஸும் டல்லாஸ் கவ்பாய்ஸும் அதே வெம்ப்ளிக்கு வந்தபோது ஆர்வம் உச்சத்தில் இருந்தது. உங்கள் கிளப் இதில் எந்த அலையில் பிறந்தது என்று தெரிந்தால், "நாங்கள்தான் இந்த நாட்டிலேயே முதல்" என்று ஒருவர் சொல்லும்போது அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

தொடங்கிய ஆண்டு என்று ஒரே ஓர் ஆண்டைத் தேடாதீர்கள். முதல் பயிற்சி, முதல் ஆட்டம், லீக்கில் சேர்ந்த நாள் மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒருவர் 83 என்பார், இன்னொருவர் 85 என்பார், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும் (தோள்கவசம்) அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்த காலம் அது, பேட் இல்லாமலே மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த அணிகள் உண்டு. முதல் எதிரணி யார் என்பதையும் கேளுங்கள். அப்போது பிரிட்டனில் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் பல இருந்தன, தளத்து வீரர்களுக்குச் சொந்த அணிகளும் இருந்தன. பல கிளப்புகள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான், கோச்சும் அங்கிருந்து வந்தவராகவே இருப்பார். பனிப்போர் முடிந்து, 1994இல் அப்பர் ஹேஃபோர்ட் போன்ற தளங்கள் மூடப்பட்டபோது அந்த ஆட்களும் ஊர் திரும்பினார்கள். உங்கள் கிளப் அந்த ஆண்டுகளில் திடீரென்று சரிந்திருந்தால் இந்தக் காரணத்தையும் விசாரியுங்கள்.

எல்லோரும் தடுமாறுவது லீக்குகளில்தான். ஆரம்ப ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று போட்டியாகப் பல லீக்குகள் இருந்தன, ஒன்று உடையும், இரண்டு சேரும். 1986இல் பட்வைசர் பீர் கம்பெனியின் பணத்தோடு ஒரு பெரிய லீக் வந்தது, அந்தப் பணம் நின்றபின் மறுபடியும் பிளவு. பல ஆண்டுகள் ஆட்டத்தை நடத்திவந்த பி.ஏ.எஃப்.எல். (பிரிட்டிஷ் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) 2010இல் நொடித்துப்போக, பி.ஏ.எஃப்.ஏ. (பிரிட்டிஷ் அமெரிக்கன் ஃபுட்பால் அசோசியேஷன்) சங்கம் போட்டிகளை ஏற்று நடத்தியது. அதனால் "87இல் நாங்கள் தேசிய சாம்பியன்" என்று யாராவது சொன்னால் எந்த லீக்கில், எந்த டிவிஷனில் என்று கேட்காமல் எழுதவே எழுதாதீர்கள். என்னைக் கேட்டால், ஒரு பெரிய தாளில் ஆண்டுக்கு ஒரு வரி போட்டு லீக், டிவிஷன், மைதானம், தலைமைக் கோச், வெற்றி தோல்விக் கணக்கு என்று நிரப்பிக்கொண்டே போவதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. வயது வந்தோர் அணிகள் வசந்தத்தில் தொடங்கிக் கோடை முடியும்வரை ஆடுகின்றன, எனவே ஒரு சீசனுக்கு ஒரே ஆண்டு. பல்கலைக்கழக அணிகள் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு முடிப்பவை. இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும்.

அப்புறம் பெயர். ஸ்ட்ரீதம் ஒலிம்பியன்ஸ்தான் பிறகு லண்டன் ஒலிம்பியன்ஸ் ஆனது, 1993லும் 1994லும் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன் பட்டமான யூரோபௌலை வென்றது அந்த அணி. இது நேரான கதை. ஆனால் மூடிப்போன கிளப்பின் பெயரைப் பல ஆண்டு கழித்து வேறு ஆட்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு, இரண்டு கிளப் இணைந்து மூன்றாவது பெயர் வைப்பதும் உண்டு. ஆட்கள், உபகரணம், கமிட்டி இவற்றில் ஒன்றாவது தொடர்ந்து வந்திருந்தால் ஒரே கிளப்பாக எழுதலாம், வெறும் பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் தனித்தனியாக எழுதுவதுதான் நேர்மை என்பது என் கருத்து.

பேட்டி எடுக்கப் போகும்போது ஸ்கோரைக் கேட்காதீர்கள், அது யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. எங்கே பயிற்சி எடுத்தீர்கள், மைதான வாடகையை யார் கட்டினார்கள், ஹெல்மெட் யாருடையது, வெளியூர் ஆட்டத்துக்கு எதில் போனீர்கள் என்று கேளுங்கள். சம்பளம் கிடையாது, ஆடுபவரே சந்தா கட்டி, பேருந்துச் செலவையும் பகிர்ந்துகொண்ட ஆட்டம் இது, கிளப் பிழைத்ததும் செத்ததும் பெரும்பாலும் இந்தக் காசுக் கணக்கில்தான். ரக்பி கிளப் மைதானத்தைத் தர மறுத்ததால் கலைந்துபோன அணிக்கு அதுதான் வரலாறு. ஆண்களோடு நிறுத்திவிடாதீர்கள். சியர்லீடர்கள், வாசலில் டிக்கெட் கிழித்தவர்கள், ஜெர்சி துவைத்த அம்மாக்கள், நடுவர்கள், இப்போதைய பெண்கள் அணி, இளையோர் அணி எல்லோரையும் பாருங்கள். ஆட்ட மலர்களையும் (ஆட்ட நாளில் தரும் சிறு புத்தகங்கள்) புகைப்படங்களையும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

இனி காகிதம். ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வாரப் பத்திரிகைகள் மைக்ரோஃபிலிமில் இருக்கும். பழைய பத்திரிகைகளை இணையத்தில் தரும் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணத் தளம், சில நூலகங்களில் இலவசமாகப் பார்க்க விடுவார்கள். உள்ளூர்ச் செய்தியைப் பெரும்பாலும் கிளப்காரர்களே எழுதி அனுப்பியிருப்பார்கள், தோல்வி அதில் மென்மையாகத்தான் இருக்கும், எனவே எதிரணி ஊரின் பத்திரிகையையும் தேடுங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கென்றே பிரிட்டனில் வந்த ஃபர்ஸ்ட் டவுன் வார இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் விடாதீர்கள். கிளப் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். 2000க்குப் பிந்திய காலத்துக்கு, மறைந்துபோன கிளப் தளங்களை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடுங்கள்.

வி.எச்.எஸ். கேசட் கிடைத்தால் தள்ளிப்போடாமல் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள், நாடா ஒவ்வோர் ஆண்டும் மோசமாகிக்கொண்டே போகும். புகைப்படத்தின் உரிமை பெரும்பாலும் எடுத்தவருக்கு, பொதுவாக அவர் காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள். எனவே படத்தை வைத்திருப்பவரிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதாது. உயிரோடு இருப்பவர்களின் காயம், கடன், சண்டை பற்றி அவர்களிடம் கேட்காமல் எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கும் இன்னொன்றை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் கொடுங்கள், கிளப் இணையதளத்தில் மட்டும் போட்டால் கிளப் போகும்போது அதுவும் போய்விடும். பேட்டிகளின் ஒலிப்பதிவுகளையும், நிரம்பாத கட்டங்களோடு அந்த ஆண்டு வாரித் தாளையும் சேர்த்தே கொடுங்கள்.