பென்டோனைட்டில் சர்ஃபாக்டன்ட் ஏற்றுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

எர்த்திங் குழியில் கொட்டுவதற்காக எலக்ட்ரிக் கடைகளில் மூட்டையாக விற்கிறார்களே, அந்த வெளிர்நிற மாவுதான் பென்டோனைட் என்ற களிமண். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சி, உப்பி, வழவழவென்று ஆகிவிடும். இந்த மாவையே இரண்டு நாள் ஆய்வக வேலையில், தண்ணீரை ஒதுக்கி எண்ணெயோடு சேரும் பொடியாக மாற்றிவிடலாம். அதற்கு மண்ணில் ஏற்ற வேண்டியது சர்ஃபாக்டன்ட், அதாவது ஒரு முனை நீரோடும் மறுமுனை எண்ணெயோடும் சேரும் சோப்பு போன்ற பொருள். கல்லூரி ப்ராஜெக்டுக்கு இதை எடுக்கும் பலர் இரண்டையும் ஒரு குத்துமதிப்பாகக் கலக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், ஒரு வாரம் வீணானது. எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே மண்ணின் உள்ளமைப்பு மாறுகிறது. அதனால் அளவிலிருந்தே தொடங்குவோம்.

அதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பென்டோனைட்டின் முக்கியக் கனிமம் மாண்ட்மோரில்லோனைட். பிரான்சில் உள்ள மாண்ட்மோரியோன் என்ற ஊரின் பெயர் அது. நடுவில் ஒரு அலுமினா அடுக்கு, மேலும் கீழும் சிலிக்கா அடுக்கு, மூன்றும் சேர்ந்து ஒரு தகடு. அதன் தடிமன் சுமார் 0.96 நானோமீட்டர். இப்படிப்பட்ட தகடுகள் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நடு அடுக்கில் மூன்று நேர்மின்சுமை கொண்ட அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில், இரண்டே கொண்ட மெக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அந்தக் குறையால் தகடு முழுவதும் எதிர்மின் தன்மை பெறுகிறது. அதைச் சரிக்கட்ட, தகடுகளுக்கு இடையே சோடியம் அயனிகள் தங்கியிருக்கின்றன. பிடி தளர்வானது என்பதால் அவற்றை வெளியேற்ற முடியும்.

அவற்றின் இடத்தில் நாம் வைக்கப்போவது சிடிஏபி, அதாவது செட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு. நேர்மின் தலை, 16 கார்பன் நீள வால். ஹேர் கண்டிஷனர் அட்டையில் செட்ரிமோனியம் குளோரைடு என்று இருந்தால் அதுவும் இதே அயனிதான். ஈரமான முடியின் பரப்பும் எதிர்மின் தன்மை கொண்டது என்பதால்தான் அது அங்கே ஒட்டுகிறது. துணி துவைக்கும் பவுடர் இதற்கு உதவாது. அதில் உள்ள முக்கிய சர்ஃபாக்டன்டின் தலை எதிர்மின் கொண்டது, தகடு அதைத் தள்ளிவிடும்.

சரி, அளவுக்கு வருவோம். 100 கிராம் மண்ணில் எத்தனை மில்லி ஈக்விவலன்ட் (ஒற்றை மின்சுமை அயனிக்கு இது மில்லிமோலேதான்) அயனியை மாற்ற முடியும் என்பதை அயனிப் பரிமாற்றத் திறன் என்கிறோம். மாண்ட்மோரில்லோனைட்டுக்கு இது பெரும்பாலும் 80 முதல் 120 வரை. மெத்திலீன் நீலம் என்ற நேர்மின் சாயம் இருந்தால் நீங்களே அளக்கலாம். மண்ணை முதலில் நீரில் கரைத்து, அடியில் தங்கும் மணலை நீக்கி, காயவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். அதில் 1 கிராமை நீரில் கலக்கி, 0.01 மோலார் மெத்திலீன் நீலக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் கலக்கி, ஒரு சொட்டை வடிதாளில் வையுங்கள். நடுவில் அடர்நீலப் பொட்டு, சுற்றிலும் நிறமற்ற ஈரம் தெரியும். அந்த ஈர வளையமே வெளிர்நீலமாக மாறி, மறுபடி கலக்கிய பிறகும் அப்படியே நின்றால் முடிந்தது. அதுவரை செலவான மில்லிலிட்டர் எண்ணிக்கைதான் உங்கள் மண்ணின் திறன். வேறு கணக்கே தேவையில்லை.

90 வந்தது என்று வையுங்கள். 10 கிராம் மண்ணுக்கு 9 மில்லிமோல் வேண்டும். சிடிஏபியின் மூலக்கூறு எடை 364.5, ஆகவே 3.28 கிராம். இதை 1 மடங்கு ஏற்றம் என்போம்.

இனி 500 மில்லி காய்ச்சி வடித்த நீரைக் காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, 10 கிராம் மண்ணை மெதுவாகத் தூவுங்கள். கூழுக்கு மாவு கரைக்கிற பக்குவம்தான். மண்மேல் நீரை ஊற்றினால் கட்டி விழும். இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் சிடிஏபியை 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். 25 டிகிரிக்குக் கீழே போனால் அது படிகமாகிவிடும். மண் கரைசலை 60 டிகிரியில் வைத்து, சிடிஏபியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இங்கே பக்கத்திலேயே நின்று பாருங்கள். சிடிஏபிக் கரைசல் தனியாக நன்றாக நுரைக்கும். மண்ணுக்குள் விழுந்ததும் அந்த நுரை காணாமல் போகும், ஏனென்றால் சர்ஃபாக்டன்ட் தகடுகளுக்கு இடையே போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் வழவழப்பான கரைசல் திரிந்த பால் மாதிரி துகள் துகளாகப் பிரியும். தண்ணீரைப் பிடித்துவைத்திருந்த சோடியம் வெளியேறிவிட்டதன் அடையாளம் அது. 4 மணி நேரம் கலக்கியபின் வடிகட்டுங்கள். பச்சை மண், அதாவது மாற்றாத மண், வடிதாளை அடைத்துக்கொள்ளும். இது எளிதாக வடியும். வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெளிர்மஞ்சள் வீழ்படிவு (மிச்ச புரோமைடின் அடையாளம்) வருவது நிற்கும் வரை கழுவி, 60 டிகிரியில் காயவைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அரையுங்கள். சிடிஏபி கண்ணையும் தோலையும் உறுத்தும், மீன்களைக் கொல்லும். கழுவிய நீரைத் தயவுசெய்து சிங்க்கில் கொட்டாதீர்கள். கழிவுக் கேனில் சேர்த்து ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

மாறியதா என்று பார்க்க, ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி நீரும் பாதி மண்ணெண்ணெயும் ஊற்றிப் பொடியைப் போடுங்கள். பச்சை மண் எண்ணெயைத் தாண்டி இறங்கி நீரைக் கலக்கிவிடும். மாற்றிய மண் மண்ணெண்ணெய்ப் பக்கமே, இரண்டும் சேரும் கோட்டின்மேல் தங்கும்.

உறுதியான சான்று எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுதான் (எக்ஸ்ஆர்டி). செம்பு தரும் எக்ஸ் கதிரில் பச்சை மண்ணின் முதல் உச்சி 7.1 டிகிரி அருகே வந்தால், தகடு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 1.24 நானோமீட்டர். மாற்றியபின் அது 4.8 டிகிரிக்கு நகர்ந்தால் 1.84. தகட்டின் 0.96ஐக் கழித்தால் இடைவெளி 0.88. படுத்திருக்கும் ஒரு வாலின் தடிமன் சுமார் 0.4. அப்படியானால் உள்ளே வால்கள் இரண்டு அடுக்காகப் படுத்திருக்கின்றன. இப்படி ஒரு கழித்தலில் கண்ணுக்குத் தெரியாததைக் காண முடிகிறது என்பதே எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்தது.

நேரம் இருந்தால் 0.5, 1, 1.5, 2 மடங்கு என்று நான்கு மாதிரிகள் செய்யுங்கள். பாதி அளவில் பெரும்பாலும் ஒரே அடுக்கு, தகட்டுக்குத் தகடு தூரம் 1.4 நானோமீட்டர் அருகே. ஏற்றம் கூடக் கூட இரண்டு அடுக்காகும். அப்புறம் படுக்க இடமில்லாமல் வால்கள் சாய்ந்து நிற்கத் தொடங்கும், அந்தத் தூரம் 2 நானோமீட்டரைத் தாண்டும். அகச்சிவப்பு நிறமாலையிலும் இது தெரியும்: வாலின் 2920, 2850 செ.மீ⁻¹ அருகே உள்ள உச்சிகள், வால்கள் நெருங்கி ஒழுங்காக நிற்கும்போது சற்றுக் கீழே நகரும். 1 மடங்கைத் தாண்டியதும் கூடுதல் சர்ஃபாக்டன்ட் புரோமைடோடு சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். வால்கள் ஒன்றோடொன்று பிணைந்து தலைகள் வெளிப்பக்கம் திரும்புவதால், எதிர்மின்னாக இருந்த பரப்பு நேர்மின்னாகிவிடும். நீரிலிருந்து எதிர்மின் அயனியான குரோமேட்டைப் பிடிக்க வேண்டுமானால் இந்த மாதிரிதான் வேண்டும். பென்சீன் போன்ற எண்ணெய்த்தன்மை உள்ளவற்றுக்கு 1 மடங்கே போதும்.