துவக்குக் குழலில் கறள்: நம்மவர் செய்யும் தவறுகள்

வவுணதீவு, வெல்லாவெளி, சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டைகளில் பயிர்க் காவலுக்கென்று உரிமத்தோடு வைத்திருக்கும் 12 போர் (குழல் வாயின் அளவு) துவக்குகளில் பல, சுட்டுத் தேய்வதில்லை, கறளில்தான் போகின்றன. முதல் காரணம், குழலின் கறுப்பு நிறமே காவல் என்ற நம்பிக்கை. அந்தக் கறுப்பு, புளூயிங் என்னும் மெல்லிய இரும்பு ஒக்சைட்டுப் படலம். தடிப்பு ஏறக்குறைய ஒரு மைக்ரோன்தான், அதிலும் நுண்துளைகள். அந்தத் துளைகளில் நிற்கும் எண்ணெய்தான் கறளைத் தடுக்கிறது. எண்ணெய் காய்ந்த குழலை மாரி காலத்தில் கல்லடியிலோ கல்முனையிலோ வெளியே வைத்தால், ஓரிரு நாளிலேயே செம்புள்ளி தெரியத் தொடங்கும்.

அடுத்தது, உப்பின் மேல் எண்ணெய் பூசுவது. இதுதான் மிக மோசமான தவறு. கைவியர்வையிலும் கடற்காற்றிலும் குளோரைட் உப்பு இருக்கிறது. எண்ணெய் அதைக் கரைக்காது. மேலே பளபளக்கும், கீழே குழி விழும். குழி விழுந்தபின் எந்தப் பூச்சும் அதை நிரப்பாது. எனவே முதலில் தோட்டா இல்லையென்று, துவக்கில் தோட்டா போடும் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பிறகு குழலைக் கழற்றி, சுடுநீரில் நனைத்த சீலையால் உள்ளும் புறமும் துடைத்து, உலர்த்தி, அதன்பின் எண்ணெய் போடுங்கள். கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர். அதனால் கழுவினால் உப்பைத்தான் ஏற்றுவீர்கள். மழைநீரே நல்லது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் காறி, பிசினாகி, தூசியைப் பிடித்துக்கொள்ளும். வாகனத்திலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயில் அமிலமும் உலோகத் துகளும் இருக்கும். துவக்குக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் நாலைந்து சொட்டை சீலையில் விட்டுத் தேய்த்தால் வெளிப்புறம் முழுவதற்கும் போதும். அதிகமானால் மரக்கட்டைக்குள் இறங்கி அதை ஊற வைக்கும். ஓரிரவு வாயைக் கீழே வைத்து நிறுத்தினால் மிச்சம் வடிந்துவிடும். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் வெளியே மெல்லிய வாசலின் (Vaseline) பூச்சு நன்று. குழலுக்குள் கிறீஸோ தடித்த எண்ணெயோ இருந்தால் சுடுவதற்கு முன் உலர்ந்த சீலை விட்டு முழுதும் எடுத்தே ஆகவேண்டும். அடைப்போடு சுட்டால் அழுத்தம் ஏறிக் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

தோல் உறையிலும் துணி உறையிலும் போட்டு அலுமாரியில் பூட்டுவது ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதுதான். உறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் உறையைக் கழற்றி, பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். நிறம் மாறும் வகையென்றால், மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பாவிக்கலாம்.

கறள் வந்துவிட்டால் எமரித்தாளை எடுக்காதீர்கள். கறளோடு புளூயிங்கும் போய்விடும். வினாகிரியும் கறள் நீக்கும் அமிலங்களும் அப்படியே. எண்ணெய் தோய்த்த 0000 இலக்க, மிக மெல்லிய இழை உருக்குக் கம்பளியால் மெதுவாகத் தேய்த்தால் மேலோட்டமான கறள் வந்துவிடும். சற்றுப் பரவியிருந்தால், எண்ணெய்ப் பசையை நன்றாக நீக்கி, குழலை மட்டும் மழைநீரில் அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள். செங்கறள் கறுப்பு ஒக்சைட்டாக மாறும். கம்பளியால் துடைத்துவிட்டு, உலர்த்தி, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள்.

முழுதாக மறுபூச்சுச் செய்ய நினைப்பவர்கள் இரட்டைக் குழலில் கவனமாக இருக்க வேண்டும். சூடான புளூயிங் என்பது ஏறக்குறைய 140 பாகை செல்சியசில் கொதிக்கும் காஸ்டிக் சோடாக் குளியல். குழல்களை இணைக்கும் ஈயப்பற்றை அது அரித்துவிடும். அவற்றுக்கு, கறளேற்றிக் கொதிக்க வைக்கும் மெதுவான புளூயிங் மட்டுமே பொருந்தும். வீட்டில் எனாமல் பெயின்ட் அடிப்பதோ, ஒரு கீறலில் நீர் புகுந்து பெயின்டுக்கு அடியிலேயே கறள் பரவ விடுவது. எந்தப் பூச்சானாலும் குழலிலும் உடலிலும் வெட்டிய இலக்கம் தெளிவாக வாசிக்கக்கூடியதாய் இருக்கட்டும். அழிந்திருந்தால் உரிமம் புதுப்பிக்கும் வேளையில் சிக்கல்தான். தொழில் செய்பவரிடம் கொடுக்கும்போது இலக்கத்தைத் தேய்க்க வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.