ஏற்காட்டு மலையூர்களில் புனித செபஸ்தியார் நன்றித் திருவிழா நடத்தும் முறை

புனித செபஸ்தியார் திருநாள் ஜனவரி 20. ஒன்பது நாள் செபமான நவநாளை 11ஆம் தேதி தொடங்கி 19இல் முடிக்க வேண்டியிருப்பதால் பொங்கல் நடுவில் வந்துவிடும். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பதும் அந்த நாள்களில்தான். ஆகவே தோட்ட வேலை முடித்துத் திரும்புவோரும் கலந்துகொள்ளும்படி, செபத்தை மாலை ஆறரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமா என்று பங்குத்தந்தையிடம் கிறிஸ்துமஸுக்கு முன்பே கேட்டு முடிவு செய்யுங்கள்.

எதற்காக இந்த நன்றி என்பதைக் கொடியேற்றத்தன்றே சொல்லிவிட வேண்டும். உரோமைப் படைவீரரான செபஸ்தியார் அம்புகளால் துளைக்கப்பட்டும் பிழைத்து, பின்னர் தடியால் அடித்துக் கொல்லப்பட்ட மறைசாட்சி. கொள்ளைநோயை வானிலிருந்து பாயும் அம்பாக எண்ணிய மக்கள், அம்புக்குத் தப்பியவரிடம் அடைக்கலம் தேடினார்கள். 680ஆம் ஆண்டு இத்தாலியின் பாவியா நகரில் அவருக்குப் பீடம் எழுப்பிய பிறகே கொள்ளைநோய் தணிந்ததாக, 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் திருத்தொண்டர் பவுல் எழுதியிருக்கிறார். தேரும் வாணவேடிக்கையும் மட்டுமே பிள்ளைகள் மனத்தில் தங்கிவிடக் கூடாது என்பது என் ஆதங்கம். 2021இல் கொரோனாவுக்குப் பலியாகி, அடக்கத்துக்குக்கூட நம்மால் போக முடியாமற்போன உறவினர்களின் பெயர்களை அன்பியம் (பங்கிலுள்ள குடும்பங்களின் சிறு குழு) வாரியாக எழுதி வாங்கி, நவநாளில் ஒரு நாள் திருப்பலியில் வாசிக்கச் செய்யுங்கள்.

காணிக்கைக்கு உப்பும் மிளகும் வேண்டும். கடையில் வாங்குவதைவிட, தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிகளில் காய்த்த மிளகையே கொடுப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கும். ஒரு பிடி அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும்வரை அதைக் காயவைக்க வேண்டும். ஏற்காட்டுப் பனியில் கல்லுப்பு ஒரே இரவில் கசிந்துவிடுமாகையால், இரண்டையும் தனித்தனியே மூடி வைத்திருந்து, திருநாள் காலையில் மட்டும் கலந்து, மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.

செபஸ்தியாரின் சுரூபத்தை (சிலையை) சப்பரத்தில் ஏற்றுமுன் அம்புகளைக் கழற்றித் துடைத்துத் துணியில் சுற்றி வையுங்கள். மாலை சாத்திய பின் மாட்டினால் பூவும் சிக்காது, அம்பின் முனையும் வளையாது. மறைசாட்சிக்குரிய நிறம் சிவப்பு என்பதால், பனமரத்துப்பட்டிச் செவ்வரளியைச் சேலம் பூச்சந்தையிலிருந்து முந்தின நாளே வரவழைத்துக்கொள்ளலாம். மேடும் இறக்கமுமான பாதையில் சக்கரத் தேரைவிடத் தோளில் சுமக்கும் சிறிய சப்பரமே பாதுகாப்பானது.

பவனி செல்லும் வழியில் படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீடுகளை முன்கூட்டியே குறித்து வைத்து, ஒவ்வொரு வாசலிலும் சப்பரத்தை நிறுத்துங்கள். பங்குத்தந்தை உள்ளே சென்று செபித்து முடித்ததும், மந்திரித்த உப்பு மிளகில் ஒரு சிட்டிகையை அந்த வீட்டாரின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகருங்கள்.