ராத்திரி மீனுக்கு ஒரு தொட்டி: கூலி லோச் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

மீனை வாங்கித் தொட்டியில் விட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றையும் காணோம். கூலி லோச் வாங்கியவர்கள் பலரும் இதைச் சொல்வார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. நீலக் கூழாங்கல், கண்ணைக் கூசும் விளக்கு, ரெண்டே ரெண்டு மீன். நான்காம் நாள் ஒன்றை ஃபில்டர் பெட்டிக்குள்ளிருந்து உயிரோடு எடுத்தேன். மற்றது கிடைக்கவே இல்லை. அப்போது ஆச்சி சொன்னது: "அயிரையும் அப்படித்தாம்ல, மண்ணுக்குள்ளதான் கெடக்கும். ஒளிய எடமே இல்லன்னா அது என்ன செய்யும்?"

ஆச்சி சொன்னது சரி. நம் ஆற்று அயிரையும் கூலி லோச்சும் ஒரே குடும்பம். இது இந்தோனேசியா, மலேசியா பக்கத்து நிழலான ஓடைகளில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் வாழ்கிற மீன். அதிகம் போனால் 10 செ.மீ. நீளம், புழுப்போல ஒல்லியான உடம்பில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டைகள். பெயரில் உள்ள கூலிக்கும் நம் கூலிக்கும் சம்பந்தமில்லை. 1821இல் ஜாவாவில் இறந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹைன்ரிஷ் கூலின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஒளிய எவ்வளவு இடம் கொடுக்கிறீர்களோ, அவ்வளவுக்கு இந்த மீன் வெளியே வரும். கீழே சொல்லும் எல்லா வேலையும் இதற்காகத்தான்.

தொட்டியும் இடமும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி போதும். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 75 கிலோவுக்கு மேல் வரும். ஆடாத மேசையாகப் பாருங்கள். மேற்குச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். இந்த மீனுக்கு 24 முதல் 30 டிகிரி வரை சரி, ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தச் சுவர் ராத்திரியிலும் கொதிக்கும். கோடையில் சின்ன மின்விசிறி ஒன்றைத் தண்ணீரின் மேல்பரப்பைப் பார்த்து வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். அந்த நாட்களில் மூடிக்குப் பதில் நெருக்கமான வலை போட்டுக்கொள்ளுங்கள். ஆனி பிறந்து சாரல் காற்று வந்துவிட்டால் இந்தக் கவலை விடும்.

மணல்

இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கூலி லோச் மணலை வாயில் அள்ளிச் சலித்துத்தான் இரை தேடும். வாயைச் சுற்றி இருக்கும் மெல்லிய மீசைகளும் வயிறும் நாள் முழுக்க மணலில் உரசிக்கொண்டே இருக்கும். எம்-சாண்ட் உடைத்த கல். அதன் கூர் அந்த மீசையைத் தேய்த்துவிடும். மீன் கடையில் மழமழப்பான நைஸ் மணல் கேளுங்கள். ஆற்றில் போய் அள்ளி வர வேண்டாம், தாமிரபரணி இழந்த மணல் போதும். வாங்கிய மணலில் ஒரு கரண்டி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும், வேண்டாம். நுரைக்காவிட்டால் வாளியில் போட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, 2 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள்.

பெரிய கல் வைப்பதாக இருந்தால் முதலில் கல்லை அடிக் கண்ணாடியில் உட்காரவைத்து, அப்புறம் மணலைப் போடுங்கள். மணல் மேல் வைத்தால் மீன் அடியில் தோண்டும்போது கல் சரிந்து அதை நசுக்கிவிடும்.

ஒளியும் இடங்கள்

கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகை தேவையே இல்லை. வீட்டுச் சிரட்டை போதும். நாலைந்து சிரட்டையை எடுத்து, ஒட்டியிருக்கும் தேங்காயையும் நாரையும் சுத்தமாகச் சுரண்டுங்கள். அரை மணி நேரம் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி இன்னும் ஒரு தடவை கொதிக்க விடுங்கள். ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். வாசல் பெரிதாக இருக்கக் கூடாது. இந்த மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் எதிலாவது ஒட்டிக்கொண்டிருந்தால்தான் நிம்மதி. ஒரே சிரட்டைக்குள் ஐந்தாறு மீன் பின்னிக்கொண்டு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். காருகுறிச்சி மண்சட்டி உடைந்தது கிடந்தாலும், வர்ணம் பூசாததாக இருந்தால் போடலாம்.

அடுத்தது வாதாமர இலை. தெருவில் சிவந்து பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்கி, கழுவி, நன்றாகக் காயவைத்து மூன்று நான்கு போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். பயப்பட வேண்டாம், வெளிச்சம் மங்குவதால் மீன் தைரியமாக வெளியே வரும். செடி என்றால் ஜாவா மாஸ், அனுபியாஸ். இரண்டுக்கும் பலமான விளக்கு வேண்டாம்.

ஃபில்டர், மூடி

ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் வாங்க வேண்டும். உறிஞ்சும் குழாய் உள்ளதில் மீன் உள்ளே போய்விடும். என் மீன் போனது அப்படித்தான். மூடியில் குழாய் போகும் ஓட்டையையும் பஞ்சால் அடையுங்கள். விரலளவு சந்து கிடைத்தாலும் வெளியே வந்துவிடும்.

தண்ணீர்

மாநகராட்சிக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் இந்த மீனுக்குப் பொருந்தும், குளோரினை மட்டும் எடுத்துவிட வேண்டும். ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள், இல்லையென்றால் வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். போர் தண்ணீரில் வாளி வெள்ளை பூத்தால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டும்.

நிரப்பியதும் மீன் விடக் கூடாது. ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொன்று அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். இந்த பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டிய பிறகே மீன் வாங்கப் போங்கள். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கிற நண்பர் இருந்தால் அவருடைய ஸ்பாஞ்சை உங்கள் தொட்டியில் பிழிந்து விடச் சொல்லுங்கள், சீக்கிரம் ஆகும்.

மீன் விடுவது

ஒன்று இரண்டு போதாது, ஆறு வாங்குங்கள். தனியாக இருந்தால் வெளியே வராது. கடைக்காரரிடம், "அண்ணாச்சி, வலை போடாதீங்க, டம்ளர்ல மொண்டு தாங்க" என்று கேளுங்கள். இதற்குக் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முள் உண்டு. மிரண்டால் விரிக்கும், வலையில் மாட்டிக் கிழியும்.

சாயங்காலம் கொண்டு வந்து விளக்கை அணைத்துவிடுங்கள். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றி, அரை மணி கழித்து மீனை மட்டும் உள்ளே விடுங்கள். பைத் தண்ணீர் சேரக் கூடாது. முதல் வாரம் கண்ணில் படாது. விட்டுவிடுங்கள்.

தீனி விளக்கணைத்து அரை மணி கழித்து. அடியில் மூழ்கும் சிறு குருணையாக, ஒரே மூலையில் போட்டுப் பழக்குங்கள். வாரம் ஒரு நாள் கொசுப்புழு. வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். நோய் வந்தால் உப்பு போடும் பழக்கம் இங்கே ஆகாது. செதில் மிகச் சிறியது, உப்பும் தாமிர மருந்தும் உடனே தாக்கும்.

மீன் இருக்கிறதா என்று எண்ணுவதற்காகச் சிரட்டையைத் தூக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, தீனி போட்ட மூலையில் அடித்துப் பாருங்கள். அந்த வெளிச்சத்துக்கு அவ்வளவாக மிரளாது. மணலிலிருந்து முதலில் ஒரு மூக்கு வரும், அப்புறம் மீசை, அப்புறம் உடம்பு முழுதும். அங்கேயே எண்ணிக்கொள்ளலாம்.