மீத்திறன் பிள்ளைக்கு வீட்டில் கணிதப் புத்தகம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

பள்ளியில் கொடுக்கும் கணக்கைச் சட்டென்று முடித்துவிட்டு "வேற இருக்கா?" என்று கேட்கும் பிள்ளைக்கு, நாம் உடனே வாங்கிக் கொடுப்பது அடுத்த ஆண்டுக்கான பயிற்சிப் புத்தகம். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் அந்தப் பிள்ளை கேட்பது மேல் வகுப்புப் பாடத்தை அல்ல, உட்கார்ந்து யோசிக்க வைக்கும் கணக்கை. இரண்டும் வேறு வேறு. என் மகளுக்குப் புத்தகம் தேடியபோது பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பாருங்கள்

தேர்வு மதிப்பெண்ணை ஒதுக்கி வையுங்கள். சதுரங்கப் பலகையை எடுத்து, "இதில் மொத்தம் எத்தனை சதுரம் இருக்கிறது?" என்று கேளுங்கள். முதலில் 64 என்று வரும். "பெரிய சதுரங்களையும் சேர்த்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். விடை 204. விடை வருகிறதா என்பது இங்கே முக்கியமில்லை. பிள்ளை தானாகவே சின்னப் பலகையில் தொடங்கி, இரண்டுக்கு இரண்டில் 5, மூன்றுக்கு மூன்றில் 14 என்று எண்ணிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். அப்படிச் செய்தால் கீழே சொல்லும் எந்தப் புத்தகத்தையும் தைரியமாகக் கொடுக்கலாம். "சூத்திரம் என்ன?" என்று கேட்டு நின்றால், கதையாகச் சொல்லும் புத்தகத்தில் தொடங்குங்கள்.

படி 2: நடுப்பக்கத்தைத் திறங்கள்

அட்டையில் போட்டிருக்கும் வயதையும் ஆண்டையும் நம்ப வேண்டாம். நடுவில் ஒரு பக்கம் திறந்து பாருங்கள். ஒரே மாதிரி முப்பது கணக்கு இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். நான்கைந்து கணக்கு, ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் போகிறது என்றால் எடுக்கலாம். பின்னால் விடை மட்டும் இருந்தால் போதாது, அது எப்படி வந்தது என்ற விளக்கமும் இருக்க வேண்டும். வீட்டில் ஆசிரியர் இல்லாத குறையைத் தீர்ப்பது அந்த விளக்கம்தான்.

என் முதல் தேர்வு பீஸ்ட் அகாடமி என்ற அமெரிக்கக் கணிதப் புத்தக வரிசை. படக்கதை ஒரு புத்தகம், பயிற்சி ஒரு புத்தகம் என்று ஜோடியாக வரும். குறிப்புகளும் முழு விளக்கங்களும் பயிற்சிப் புத்தகத்தின் கடைசியிலேயே இருக்கின்றன. ஒரு நிலைக்கு நான்கு பாகம், அதாவது எட்டுப் புத்தகம், அதனால் ஒரேயடியாக வாங்காதீர்கள். அவர்கள் இணையத்தளத்தில் தகுதிச் சோதனையும் மாதிரிப் பக்கங்களும் இலவசமாக உண்டு. அதைச் செய்ய வைத்த பிறகு முதல் பாகம் மட்டும் வாங்குங்கள். மூன்றாம் நிலை என்றால் நம் மூன்றாம் ஆண்டு என்று எண்ண வேண்டாம், அதைவிடக் கடினம்.

படி 3: மொழி தடுக்கிறதா, கணக்கு தடுக்கிறதா?

நாங்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான். தமிழ்ப்பள்ளியில் காரணி, மடங்கு, பகா எண் என்று தமிழில் கற்ற பிள்ளையின் கையில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுக்கிறோம். கணக்கில் பிள்ளை இரண்டு மூன்று ஆண்டு முன்னால் இருக்கும். ஆங்கில வாசிப்பு வயதுக்கு ஏற்றபடிதான் இருக்கும். பிள்ளை புத்தகத்தை மூடி வைத்ததும் "கஷ்டமா இருக்கு போல" என்று நாம் கீழ்நிலைப் புத்தகத்துக்கு இறங்கிவிடுவோம். அப்போது கணக்கு சலித்துப்போகும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிள்ளை விட்டுவிட்ட கணக்கைத் தமிழில் வாயால் சொல்லுங்கள். உடனே பென்சிலை எடுத்தால் தடை மொழியில்தான். நிலையை மாற்றாதீர்கள். படக்கதையைச் சேர்ந்து படியுங்கள், பின்னட்டையில் ஒரு தாள் ஒட்டி ஆங்கிலச் சொல்லுக்கு நேரே பள்ளியில் சொல்லும் தமிழ்ச் சொல்லை எழுதிக்கொண்டே போங்கள். டிஎல்பி எனப்படும் இருமொழித் திட்ட வகுப்பில் ஆங்கிலத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அடுத்தது அளவைகள். அமெரிக்கப் புத்தகங்களில் நிக்கல் என்றால் 5 சென்ட், டைம் 10, குவார்ட்டர் 25. இவற்றை அப்படியே நம் சென்னாக மாற்றிச் சொல்லாதீர்கள். நம்மிடம் 20 சென் உண்டு, 25 சென் கிடையாது, விடையே மாறிவிடும். அந்த மூன்று வகைக் காசில் எதை வேண்டுமானாலும் வைத்து 50 சென்ட் சேர்க்க 10 வழி. நம் 5, 10, 20 சென்னை வைத்து 50 சென் சேர்க்க 12 வழி. இரண்டையும் செய்யச் சொல்லி, ஏன் வித்தியாசம் வருகிறது என்று கேளுங்கள். அருமையான கணக்கு அது.

அடி, அங்குலம் வரும் பரப்பளவுக் கணக்குக்குப் பதில் நான் தோட்டத்தையே கொடுப்பேன். செம்பனையை (எண்ணெய்ப் பனையை) ஏன் முக்கோண அமைப்பில் நடுகிறார்கள்? ஒன்பது மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டரில் ஏறக்குறைய 123 மரம், முக்கோணமாக நட்டால் ஏறக்குறைய 143. மரத்துக்கு மரம் இடைவெளி ஒன்றுதான். பெரிய பிள்ளையாக இருந்தால் படம் வரைந்து நிரூபிக்கட்டும்.

வாசிப்பே வராத சின்னப் பிள்ளைக்கு மிட்சுமாசா அனோவின் படப்புத்தகம், 'அனோஸ் மிஸ்டீரியஸ் மல்டிப்ளையிங் ஜார்'. ஒரு தீவு, அதில் இரண்டு நாடு, ஒவ்வொரு நாட்டிலும் மூன்று மலை என்று போய்க் கடைசியில் 3,628,800 ஜாடிகளில் முடியும். எழுத்து மிகக் குறைவு, தமிழில் சொல்லிக்கொண்டே புரட்டலாம்.

கதை பிடித்த பிள்ளைக்கு மல்பா தஹான் எழுதிய 'தி மேன் ஹூ கவுண்டட்'. மல்பா தஹான் என்பது பிரேசில் நாட்டுக் கணித ஆசிரியர் ஒருவரின் புனைபெயர். 35 ஒட்டகத்தை மூன்று சகோதரர்கள் பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று எனப் பிரிக்க வேண்டும். ஒன்றைக் கடனாகச் சேர்த்து 36 ஆக்கினால் 18, 12, 4 என்று பிரிந்து, இரண்டு மிஞ்சுகிறது! ஏன் மிஞ்சியது என்று கேட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். எப்படிக் கேட்டாலும் விடையைச் சொல்லாதீர்கள்.

படி 4: வாங்குவதும் வைத்திருப்பதும்

பொது நூலகத்தில் முதலில் தேடுங்கள், அப்புறம் ஷாப்பி இணையக் கடையில் பழைய புத்தகம். வீடு தோட்டத்துக்குள் இருந்தால், பொட்டலம் வந்து சேரப் பட்டணத்தில் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பது நிம்மதி. எழுதுவதற்குக் கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகமும் பென்சிலும்தான் என் விருப்பம். கணிதத்துக்குத் தட்டைக் கணினி வேண்டாம். தொட்டதும் சரி, தவறு என்று காட்டிவிடுவதால் பிள்ளை யோசிக்காமல் ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்.

"பையன் விடைப்பக்கத்தைப் பார்த்துவிடுகிறான்." அந்தப் பக்கங்களைப் பெரிய கிளிப் போட்டு மூடி வையுங்கள். முதலில் குறிப்பு, அடுத்த நாளும் வரவில்லை என்றால் விளக்கம். விளக்கத்தைப் படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு உங்களுக்கு அவன் சொல்லித்தர வேண்டும்.

"பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாமா?" தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம், அதனால் கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்க வேண்டும். முதலில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட் வரை உண்டு, அதில் புத்தகமும் அடங்கும். இணையத்தில் வாங்கியதற்கும் கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.